பைட்டர் மீனோடு எந்த மீன் சேரும்?



நெல்லுக்கு மேலுரம், தென்னைக்குக் காண்டாமிருக வண்டு என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. தென்காசி வட்டாரத்தில் இப்போது நான் போகிற ஊர்களில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது திண்ணையிலோ டி.வி. பக்கத்திலோ ஒரு மீன் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுக்கிறோம். சில வீடுகளில் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துக் கடைக்குக் கொடுக்கவும் ஆரம்பித்து விட்டார்கள். மண் பரிசோதனை பற்றிப் பேசப் போன இடத்தில், "சார், அது கிடக்கட்டும், இந்த பைட்டர் மீனோட எதை விட்டாலும் மறுநாள் ஒண்ணு மிதக்குதே, அது ஏன்?" என்று கேட்கிறார்கள். ஒருவர் இருவர் கேட்டால் அங்கேயே பதில் சொல்லி விடலாம். நிறையப் பேர் கேட்பதால் இன்றைய பேச்சை அதற்கே வைத்துக் கொண்டேன். கடைசியில் ஒரு மீனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அது தொட்டி வைத்திருப்பவர்களை மட்டுமல்ல, குளத்துப் பாசனத்தை நம்பி இருக்கிற எல்லோரையும் பாதிக்கிற விஷயம். ஆகவே தொட்டி இல்லாதவர்களும் கொஞ்சம் இருந்து கேளுங்கள்.

பைட்டர் என்று கடையில் சொல்கிற மீன் தாய்லாந்து நாட்டைச் சேர்ந்தது. அந்த ஊர்ப் பாஷையில் அதன் பெயருக்குக் கடிக்கிற மீன் என்று அர்த்தம். 2019-ம் வருஷம் அந்த நாட்டு அரசாங்கம் இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினம் என்று அறிவித்தது. அதற்குப் பிறந்த வீடு எது என்று நினைக்கிறீர்கள்? நெல் வயல்தான். முழங்கால் அளவுத் தண்ணீர், புல்லும் பாசியும், வெயிலில் சூடான நீர். நம் வயலையும் வாய்க்காலையும் போன்ற இடம். அந்த மாதிரித் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதனால் இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே இன்னொரு சுவாச உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடு உண்டு. இரண்டும் ஒரே உறவுமுறைதான். பனையேறிக் கெண்டையைத் தண்ணீருக்கு வெளியே போட்டாலும் வெகுநேரம் துடித்துக் கொண்டு கிடக்கும், பார்த்திருப்பீர்கள்.

இந்தக் காற்றுக் குடிக்கிற குணத்தை வைத்துத்தான் கடைக்காரர்கள் இதைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். சாகாமல் இருக்கும், உண்மை. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. ஆட்டை ஒரு முழக் கயிற்றில் கட்டிப் போட்டாலும் அது உயிரோடுதான் இருக்கும். கடையில் நாலு நாள் பாட்டிலில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு தனியாக வைத்தாலும் 15 அல்லது 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். துணைக்கு வேறு மீன் விடுவதாக இருந்தால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டிக்குக் குறையக் கூடாது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் கணக்கில் அது 56 லிட்டர். மணலும் மேலே விடுகிற இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும்.

சரி, ஏன் சண்டை போடுகிறது? ஆண் மீனுக்கு மட்டும்தான் அந்த நீள வாலும் பட்டு மாதிரித் துடுப்பும். வயலில் அது தனக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துக் கொள்ளும். தண்ணீர் மேல் எச்சிலால் நுரை நுரையாகக் குமிழ் விட்டுக் கூடு கட்டும். பெண் இட்ட முட்டையை வாயால் கவ்வி அந்த நுரையில் ஒட்டிவைத்து, குஞ்சு பொரிக்கும் வரை காவல் இருப்பதும் ஆண்தான். அந்த இடத்துக்குள் இன்னொரு ஆண் வந்தால் செவுளை விரித்துக் கொண்டு மல்லுக்கு நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே காட்டுங்கள், தன் உருவத்தோடேயே சண்டைக்குப் போகும். வயலில் தோற்றவன் ஓடிப் போய் விடலாம், வரப்பு தாண்டி அடுத்த வயல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் ஓட இடம் ஏது? அதனால்தான் வயலில் சீக்கிரமே முடிகிற வழக்கு தொட்டியில் கொலையில் முடிகிறது.

ஆகவே ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் பைட்டர். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் குடும்பம் நடத்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். இனப்பெருக்கத்துக்கு விடுகிற ஒன்றிரண்டு நாள் தவிர அதுவும் ஆகாது. முட்டை இட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்து விட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டுப் பக்கமே வராதே என்று ஆண் துரத்தித் துரத்திக் கடிக்கும்.

இனி மற்ற ஜாதி மீன்கள். இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டால் கடைக்காரர் சொல்லாமலே நீங்கள் தீர்மானம் பண்ணலாம். பைட்டருக்கு யார் மேல் கோபம் வரும்? தன்னைப் போலத் தெரிகிறவன் மேல் வரும். பைட்டரை யார் துன்பப்படுத்துவார்கள்? தொங்குகிற வாலைக் கண்டால் சும்மா இருக்க முடியாதவர்கள். இந்த இரண்டு கட்சியையும் தள்ளி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கட்சியில் முதலாவது கப்பி. விலை குறைவு, பார்க்க அழகு, அதனால் எல்லோரும் இதைத்தான் சேர்த்து வாங்கி வருகிறார்கள். ஆண் கப்பியின் வால் விசிறி மாதிரி, பல நிறம். பைட்டர் அதைப் பார்த்ததும் குட்டிப் பைட்டர் வந்து விட்டது என்று எடுத்துக் கொள்கிறது. மறுநாள் மிதப்பது பெரும்பாலும் கப்பிதான். கௌராமி என்று ஒரு மீன் விற்கிறார்கள், மீசை மாதிரி இரண்டு நூல் தொங்கும். அதுவும் காற்றுக் குடிக்கிற ஜாதி, பைட்டரின் பங்காளி. பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! இரண்டுக்கும் தண்ணீரின் மேல்பகுதிதான் வேண்டும், இரண்டும் நுரைக் கூடு கட்டும். சேராது.

இரண்டாவது கட்சியில் டைகர் பார்ப். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டது. சுறுசுறுப்பான மீன், கூட்டமாக வைத்தால் அழகாக இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீள வால் எதைக் கண்டாலும் ஓடிவந்து நறுக்கும். பைட்டர் பேருக்குத்தான் சண்டைக்காரன். அந்த வாலையும் துடுப்பையும் சுமந்து கொண்டு வேகமாக நீந்த அதனால் முடியாது. வேட்டி தடுக்கத் தடுக்க ஓடுகிற மாப்பிள்ளை மாதிரி. நாலு டைகர் பார்ப் சேர்ந்தால் ஒரு வாரத்தில் வால் கிழிந்த சேலையாகி விடும், அந்தக் காயத்தில் பூசணம் பிடித்து மீனும் போய் விடும். ஏஞ்சல், ஆஸ்கர் மாதிரிப் பெரிதாகிற மீன்களும் வேண்டாம். கடையில் அரை ரூபாய் அகலம் இருக்கிற ஆஸ்கர் வளர்ந்து ஒரு அடியைத் தொடும். பைட்டர் அதற்கு ஒரு வாய்.

தங்க மீன் சாது ஆயிற்றே, அதை விடலாமா என்று கேட்கிறார்கள். சாதுதான், ஆனால் அதற்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், பைட்டருக்குச் சூடு வேண்டும். ஒருவருக்குப் போர்வை, ஒருவருக்கு விசிறி என்றால் ஒரே அறையில் எப்படிப் படுப்பது? அதோடு தங்க மீன் தின்பது அதிகம், கழிப்பதும் அதிகம், தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்து விடும்.

இந்தச் சூடு, குளிர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கவனம் தேவைப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. நமக்கு ஜூன் பிறந்தால் சாரல். குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை பக்கம் ஆகஸ்டு வரைக்கும் காற்றும் தூறலும் மாறி மாறி வரும். நமக்கு அது சொர்க்கம், ஊர் ஊராக வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறார்கள். பைட்டருக்கு அது கஷ்ட காலம். 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் அது தெம்பாக இருக்கும். அதற்குக் கீழே தண்ணீர் குளிர்ந்து கொண்டே போனால் ஒரு மூலையில் ஒடுங்கும், தீனி எடுக்காது, உடம்பில் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி கிளம்பும். அந்த நோய் ஒரு மீனோடு நிற்காது, தொட்டி முழுவதும் பரவும். "நல்லாத்தான் சேர்ந்து இருந்துச்சு, திடீர்னு எல்லாம் செத்துப் போச்சு" என்று ஆடி மாசத்தில் வருகிற புகார்களில் பல இந்த வகைதான். சேர்க்கையில் தப்பு இல்லை, குளிரில்தான் தப்பு.

ஆகவே சாரல் காலத்தில் தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி, காற்றடிக்காத சுவர் ஓரம் வையுங்கள். மேலே கண்ணாடியோ பலகையோ கொண்டு மூடி போடுங்கள். பைட்டர் துள்ளி வெளியே விழுகிற மீன், அதற்கும் மூடி வேண்டும். ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 2 அங்குலம் காற்றுக்கு இடம் விட வேண்டும். அடைபட்ட அந்தக் காற்று கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், மீன் குடிப்பதற்கு அதுதான் நல்லது. முடிந்தவர்கள் ஒரு ஹீட்டர் வாங்கிக் கொள்ளலாம். லிட்டருக்கு 1 வாட் கணக்கு, அதாவது நான் சொன்ன தொட்டிக்கு 50 வாட் போதும். தண்ணீரில் கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு பேரை வேண்டாம் என்று தள்ளியாயிற்று. யாரைத்தான் சேர்ப்பது?

தொட்டியை ஒரு மச்சு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். மாடியில் பைட்டர் குடியிருக்கிறார். நடுத் தளமும் தரைத் தளமும் காலி. மாடிக்கு ஏறி வராத, வால் சின்னதான, நிறம் பளபளக்காத, வாய் சிறுத்த குடித்தனக்காரர்களாகப் பார்த்து அந்த இரண்டு தளத்திலும் வைக்க வேண்டும். ஊடுபயிர் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தென்னை மேலே வெயிலை எடுத்துக் கொள்கிறது, கீழே நிழலைத் தாங்குகிற பயிரைத்தான் போடுகிறோம்.

நடுத் தளத்துக்கு ரஸ்போரா என்கிற சின்ன மீன் பொருத்தம். செம்பு நிறம், பின்பாதியில் கறுப்பாக ஒரு முக்கோணம் இருக்கும். இரண்டு அங்குலத்தைத் தாண்டாது, கூட்டமாகத் திரியும், யார் வம்புக்கும் போகாது. இலங்கையின் தென்மேற்கு ஓடைகளிலிருந்து வந்த செர்ரி பார்ப் என்ற சிவப்புக் கெண்டையும் சாதுவானது. பார்ப் என்ற பெயரைக் கேட்டு டைகர் பார்ப்போடு குழப்பிக் கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் குணம் வேறு. எதை வாங்கினாலும் 6-க்குக் குறையாமல் வாங்குங்கள். கூட்டத்து மீன் ஒன்றிரண்டாக இருந்தால் பயத்தில் ஒளிந்து கொள்ளும், அல்லது முறை தவறி மற்றதைக் கடிக்க ஆரம்பிக்கும்.

தரைத் தளத்துக்குக் கடையில் கோரிடோராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், மீசை வைத்த குட்டிக் கெளுத்தி. நல்ல மீன். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. நம்ம அயிரை இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் வெளியே போக வேண்டும்? அயிரை என்றதும் குழம்பு ஞாபகம் வரும், வரட்டும். குழம்புக்குப் போவதில் ஆறை மட்டும் தொட்டிக்கு விட்டுப் பாருங்கள். மணலை வாயில் அள்ளி, சலித்து, செவுள் வழியாக வெளியே விட்டுக் கொண்டே இருக்கும். அடியில் விழுந்த தீனியை வீணாக்காது. உடம்பு மண் நிறம், பைட்டர் திரும்பியும் பார்க்காது. வயல் வாய்க்கால் தண்ணீரில் பிறந்தது, நம் ஊர்ச் சூடு அதற்குப் பழகினது. அடியில் கூரான சரளை போடாமல் நைசான ஆற்று மணலைக் கழுவிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வாய்க்காலில் பிடித்து வருகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகாலில் பிடிக்காதீர்கள். பிடித்ததை நேரே தொட்டியில் கொட்டாமல் இரண்டு வாரம் தனி வாளியிலோ தொட்டியிலோ வைத்துப் பாருங்கள். நோய் இருந்தால் அங்கேயே தெரிந்து விடும். புது மாடு வாங்கினால் பழைய மாடுகளோடு உடனே கட்டுகிறோமா? அதேதான். இன்னொன்று, அயிரை உப்பையும் மருந்தையும் அவ்வளவாகத் தாங்காது. பைட்டருக்குச் சீக்கு என்று கல் உப்புப் போடுவதாக இருந்தால் பைட்டரைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றிப் போடுங்கள்.

வாய்க்காலில் வலை போடும்போது இன்னொரு சிறு மீனும் வரும். தண்ணீர் மட்டத்திலேயே மிதக்கும், தலை உச்சியில் வெள்ளியாக ஒரு பொட்டு மின்னும். பார்த்தால் ஆசையாக இருக்கும். அதைச் சேர்க்காதீர்கள். அதுவும் மாடிக் குடித்தனம் கேட்கிற மீன், வாயும் பெரிது, துள்ளவும் துள்ளும்.

கணக்காகச் சொன்னால், 2 அடித் தொட்டிக்கு ஒரு ஆண் பைட்டர், 6 ரஸ்போரா, 5 அல்லது 6 அயிரை. இதோடு நிறுத்துங்கள். இடம் காலியாகத் தெரிகிறதே என்று மேலும் நாலு வாங்கி விடுவதில்தான் பல தொட்டிகள் கெடுகின்றன.

விடுகிற வரிசையும் முக்கியம். முதலில் தொட்டியைக் கட்டி, மணல், செடி, காற்றுப் பம்பில் ஓடுகிற பஞ்சு பில்டர் எல்லாம் வைத்துத் தண்ணீரை ஓட விடுங்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த பிறகு ஊற்ற வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா மணலிலும் பஞ்சிலும் பெருக 3 முதல் 6 வாரம் பிடிக்கும். பச்சைச் சாணத்தை அப்படியே செடி மூட்டில் போட்டால் வேர் கருகுகிறது, மக்கவிட்டுப் போட்டால் உரமாகிறது. தொட்டியும் மக்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்களேன். அந்த நாட்களில் ரெண்டு மூணு அயிரை மட்டும் இருக்கட்டும், தீனி மிகக் குறைவாகப் போடுங்கள், வாரம் இரண்டு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு ரஸ்போரா. எல்லோரும் குடியேறிப் பழகின பிறகு, கடைசியாகப் பைட்டர். பைட்டரை முதலில் விட்டால் தொட்டி முழுக்கப் பட்டா போட்டுக் கொள்ளும், பின்னால் வருகிறவனெல்லாம் அதன் கண்ணுக்கு ஆக்கிரமிப்புக்காரன்.

விட்ட முதல் ஒரு மணி நேரம் செவுளை விரித்து மிரட்டும். பதற வேண்டாம். மறுநாளும் ஒரே மீனைக் குறி வைத்துத் துரத்தினாலோ, யாருடைய துடுப்பாவது கிழிந்திருந்தாலோ அன்றைக்கே பிரித்து விட வேண்டும். மனுஷரில் முன்கோபி இருக்கிற மாதிரி பைட்டரிலும் உண்டு. சிலது எந்தத் துணையையும் ஏற்காது. அதற்காக ஒரு சிறு தொட்டி எப்போதும் தயாராக இருக்கட்டும். செடி நிறைய வைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் ஓயாமல் பார்க்க வேண்டியதில்லை, பாதிச் சண்டை குறையும். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், பைட்டருக்கு அது பிடித்த தண்ணீர். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள், நைட்ரேட் இருக்கிறது.

வியாபாரமாகச் செய்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. வண்ண மீனுக்குப் பேர் போன சந்தை சென்னைக் கொளத்தூரில் இருக்கிறது. ஆனால் தென்காசிக் கடைக்கு நீங்கள் பத்து மைலில் இருக்கிறீர்கள். பைட்டரை மட்டும் கொடுக்காமல், அதோடு சேருகிற மீனையும் தொகுப்பாகக் கொடுத்து, எப்படி விடுவது என்று நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் வாங்கினவர் திரும்பவும் உங்களிடம்தான் வருவார். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கவும் மானியம் வைத்திருந்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனி, இருந்து கேளுங்கள் என்று சொன்னேனே, அந்த மீனுக்கு வருகிறேன்.

தொட்டி வாங்கும்போது "கண்ணாடியில பாசி பிடிக்காது சார், இதையும் ஒண்ணு விடுங்க" என்று ஒரு கறுப்பு மீனைக் கொடுப்பார்கள். டேங்க் கிளீனர், சக்கர் என்று பெயர். உதட்டால் கண்ணாடியில் ஒட்டிக் கொள்ளும். 2 அங்குலத்தில் சாதுவாகத்தான் இருக்கும். தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த இந்த மீன் ஒன்றேகால் அடிக்கு மேல் வளரக் கூடியது. 2 அடித் தொட்டியில் அது திரும்பக் கூட இடம் இருக்காது. தின்று கழிப்பதில் தண்ணீர் நாறும். ராத்திரியில் மற்ற மீன் உடம்பிலுள்ள வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்குவதும் உண்டு. பைட்டருக்குத் துணையாக இதைக் கொடுப்பது அநியாயம்.

தொட்டியில் வைக்க முடியாமல் போனதும் என்ன செய்கிறார்கள்? கொல்ல மனசு வராது. பையன் அழுகிறான். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று சாயந்திரம் கொண்டு போய்க் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். பிழைத்துத்தான் போகிறது, அங்கேதான் வினையே. உடம்பெல்லாம் எலும்புக் கவசம், முள். அதனால் விரால் முதலான நம் மீன்களுக்கு அது எளிதான இரையல்ல. வலையில் சிக்கினால் வலை கிழிகிறது. கெண்டைக் குஞ்சுகளுக்கு வேண்டிய பாசியையும் அடி மண்ணிலுள்ள உணவையும் இது மேய்ந்து விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டையிடக் கரையில் வளை தோண்டுகிற மீன் இது. நண்டு வளையையும் எலி வளையையும் அடைத்தே நாம் ஓய்ந்து போகிறோம். மீனும் சேர்ந்து கரையைக் குடைந்தால் மழைக் காலத்தில் கரை என்னத்துக்கு ஆகும்? ஆந்திராவிலும் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் இது நீர்நிலைகளில் நுழைந்து விட்டது. மீன் குத்தகை எடுத்தவர்கள் தலையில் கை வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

நம் தண்ணீர் எங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். குற்றாலத்து மலையிலிருந்து இறங்குகிற சிற்றாறு, வழியெல்லாம் குளங்களை நிரப்பிக் கொண்டு போய் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. தாமிரபரணியில் மட்டும் காணப்படுகிற ஒரு கெண்டை மீன் உண்டு. 1950-களில் அதை வகைப்படுத்திய விஞ்ஞானி இந்த ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். மேலகரத்தில் வாய்க்காலில் விட்ட மீன் மேலகரத்தோடு நின்று விடாது, ஒவ்வொரு மடையாக இறங்கிப் போகும்.

ஆகவே டேங்க் கிளீனரை வாங்காதீர்கள். கண்ணாடியில் பாசி என்றால் வாரம் ஒருமுறை சுத்தமான பஞ்சால் துடைத்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை. ஏற்கெனவே வாங்கி வளர்ந்து விட்டதென்றால் வாங்கின கடையில் திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். ஒருவரும் வாங்கவில்லை என்றால் மீன்வளத் துறையில் கேளுங்கள். டேங்க் கிளீனர் மட்டுமல்ல, பைட்டரோ கப்பியோ ஆஸ்கரோ எதுவானாலும் இதே முறைதான். செத்த மீனையும் வாய்க்காலில் வீசாமல் தென்னை மூட்டில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டுக்குக் கூட்டம் போடும்போது இந்த விஷயத்தையும் நாலு பேர் காதில் போட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னால் இன்னும் நன்றாக எடுக்கும்.